முறைக்கு விலை



இன்று நாம் ஆராயப் புகும் பொருள் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றும். பலர் வரிசையில் காத்து நிற்கின்றனர். அவ்வரிசையில் நில்லாமல், கூடுதலாகப் பணம் கொடுத்த ஒருவர் வேறொரு வழியாக முன்னே செல்கின்றார். அது சரியா, தவறா? இவ்வளவே வினா. ஆனால் இச்சிறு வினாவினுள்ளே காலம், பணம், நீதி ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குவோம்.

இவ்வழக்கம் இன்று மிகுதியும் காணப்படும் இடம் பொழுதுபோக்குப் பூங்கா. நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிகள் சுற்றுலா என்றால் ஒரு காலத்தில் ஏற்காட்டையும், மேட்டூர் அணையையும், ஒகேனக்கல்லையும் கண்டு திரும்பும். இன்றோ பல பள்ளிகளின் பேருந்துகள் தருமபுரி, ஒசூர் வழியாகப் பெங்களூரை அடுத்த பிடதிக்குச் செல்கின்றன. அங்கே 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்கா இருக்கின்றது. அந்நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டிலேயே கொச்சியில் தம் முதற் பூங்காவைத் தொடங்கியவர்கள். 2025-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கத்திலும் ஒன்றைத் திறந்துள்ளனர். இத்தகைய பூங்காக்களில் நுழைவுச் சீட்டு இரு வகைப்படும். ஒன்று பொதுச் சீட்டு. மற்றொன்று, 'பாஸ்ட் டிராக்' எனப்படும் விரைவுச் சீட்டு. விரைவுச் சீட்டுக்கு விலை அதிகம், காத்திருப்புக் குறைவு. மராட்டிய மாநிலத்தில் கோப்போலியை அடுத்துள்ள இமேஜிக்கா பூங்காவில் இதற்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மாணவர்களை இத்தகைய பூங்கா ஒன்றிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கும் வாய்த்தது. புறப்படும் நாளுக்கு முன்னர் நான்கு மாணவரின் பெற்றோர், விரைவுச் சீட்டு வாங்குவதற்கென்று தனியே பணம் கொடுத்தனுப்பியிருந்தனர். ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, ஒரே கட்டுச்சோறு. பூங்காவின் வாயிலில் மட்டும் நால்வர் ஒரு வழி, ஏனையோர் ஒரு வழி. இதற்கு நான் இசையவில்லை. பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாரும் சேர்ந்தே நிற்போம்" என்றேன். அந்நால்வருள் ஒருவன், லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன், பணிவோடு கேட்டான்: "ஐயா, இது எங்கள் அப்பா இரவும் பகலும் கண் விழித்து லாரி ஓட்டிச் சம்பாதித்த பணம். அதை நான் எப்படிச் செலவழித்தால் மற்றவர்களுக்கு என்ன?"

நல்ல வினா. "தம்பி, நீ கேட்டதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது" என்று மட்டும் அன்று கூறினேன். இப்போது அவ்விடையை ஒழுங்குபடக் கூற முயல்கின்றேன்.

முதலில் சொற்களை நோக்குவோம். 'முறை' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு எத்தனை பொருள்! "இது என் முறை" என்னும்போது அஃது ஒருவர்க்குரிய தருணத்தைக் குறிக்கின்றது. "அது முறையன்று" என்னும்போது நீதியைக் குறிக்கின்றது. "என்ன முறை வேண்டும்?" என்று கேட்கும்போது உறவைக் குறிக்கின்றது. திருவள்ளுவர் அரசனது நீதியைக் குறிக்கப் பல இடங்களில் ஆளும் சொல்லும் முறை என்பதே. தத்தம் தருணம் வரும்வரை காத்திருத்தலும், நீதியும், உறவும் ஒரே சொல்லில் குடியிருப்பது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தருணம் தவறாமல் நடப்பதே எளிய மக்கள் நாள்தோறும் காணும் நீதி.

'வரிசை' என்ற சொல்லும் அத்தகையதே. இன்று நாம் அதனை ஒருவர் பின் ஒருவராக நிற்பதற்கு வழங்குகின்றோம். பழந்தமிழில் அது தகுதியையும் சிறப்பையும் குறித்தது. திருமணத்தில் கொடுக்கும் சீர்வரிசையில் அப்பொருளின் நிழல் இன்றும் உண்டு. புறநானூற்றில் கபிலர், மலையமான் திருமுடிக்காரி என்னும் வள்ளலிடம் இவ்வரிசையைப் பற்றியே பேசுகின்றார். நாடிவரும் புலவர்க்குப் பொருள் வழங்குவது ஒரு வள்ளலுக்கு அருஞ்செயலன்று. அவரவர் தகுதியை எடைபோட்டு அறிவதே அருஞ்செயல் என்பது அவர் கருத்து. ஆகவே, யாரை முன்னே வைப்பது என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று.

யாரை முன்னே வைப்பது என்பதற்கு உலகில் மூன்று விடைகள் உண்டு. முன்னே வந்தவர்க்கு முன்னே என்பது முதல் விடை. தேவை மிக்கவர்க்கு முன்னே என்பது இரண்டாம் விடை. பணம் மிகுதியாகக் கொடுப்பவர்க்கு முன்னே என்பது மூன்றாம் விடை.

முதல் விடையை நம் சமவெளி உழவர்கள் நன்கு அறிவர். அண்ணன் தம்பியர் பலர்க்குப் பொதுவான கூட்டுக் கிணறுகள் நம் பக்கத்தில் பல உண்டு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்திலும், பின்பு மின் மோட்டார் வந்த காலத்திலும், இன்று இவர் நாள், நாளை அவர் நாள் என்று முறை வைத்தே நீர் பாய்ச்சினர். கிணற்றில் நீர் வற்றும் கோடையிலேதான் இம்முறையின் அருமை விளங்கும். ஒருவர் தம் பங்குக்கு மேல் ஒரு நாழிகை இறைத்தால், அந்நீர் வானத்திலிருந்து வந்ததன்று. அடுத்தவர் வயலுக்குரிய நீர். ஜேடர்பாளையத்திலிருந்து செல்லும் இராசவாய்க்காலிலும், மேட்டூரிலிருந்து செல்லும் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களிலும் தலைமடைக்காரர் மிகுதியாக எடுத்தால் கடைமடைக்காரர் வயல் காய்கின்றது. நீர் குறைவான காலத்தில் முறைப்பாசனம் வைப்பது இதனாலேயே. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு பூங்காவின் வரிசைக்குத் திரும்புவோம்.

வரிசையைக் கணக்கிடுவதற்கென்றே ஒரு தனி நூல்துறை இருக்கின்றது. டென்மார்க்கு நாட்டில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியே அதற்கு வித்திட்டது. பின்னர் 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் எளிய விதியை மெய்ப்பித்தார். ஒரு வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை, ஒரு மணிக்கு வந்து சேர்வோரின் எண்ணிக்கையைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பது அவ்விதி. நீங்களும் இதனைப் பயன்படுத்தலாம். ஒரு வரிசையின் பின்னே நிற்கும்போது, உங்களுக்கு முன்னே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு நிமிடத்திற்கு எத்தனை பேர் உள்ளே செல்கின்றனர் என்று பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் நீங்கள் காத்திருக்க வேண்டிய நிமிடம் கிடைத்துவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் வைத்திருப்பவர் எழுதிக்கொள்ளலாம். ஓர் இராட்டினம் ஒரு மணிக்கு 600 பேரை ஏற்றவல்லது என்று கொள்வோம். பொது வரிசையில் 600 பேர் நிற்கின்றனர். கடைசியில் நிற்பவர்க்கு ஒரு மணி நேரத்தில் முறை வரும். இனி, நான்கு இருக்கைகளுக்கு ஒன்று வீதம் விரைவுச் சீட்டுக்காரர்க்கு ஒதுக்கப்படுகின்றது. மணிக்கு 150 பேர் அவ்வழியே சீராக வந்து ஏறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பொது வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 450 இருக்கை. கடைசியில் நிற்பவர்க்கு முறை வர இப்போது ஒரு மணி 20 நிமிடம் ஆகும். முதலில் நிற்பவர்க்கு நட்டமில்லை. கடைசியில் நிற்பவர்க்கு 20 நிமிடம் நட்டம். சராசரி 10 நிமிடம். ஆக, 600 பேர் சேர்ந்து இழந்தது 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம்.

அதே ஒரு மணி 20 நிமிடத்தில் விரைவுச் சீட்டுடன் ஏறியவர் 200 பேர். அவர்களும் வந்து வந்து பொது வரிசையின் பின்னேயே நின்றிருந்தால், முதலில் வந்தவர் ஒரு மணி நேரமும், வரிசை குறையக் குறையப் பின்னர் வந்தவர் அதனினும் குறைவாகவும், சராசரியாக அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்திருக்கும். 200 பேருக்கு அரை மணி வீதம் மிச்சமானதும் 100 மணி நேரமே! பாருங்கள்: 600 பேர் இழந்ததும் நூறு, 200 பேர் பெற்றதும் நூறு. இராட்டினம் ஒரு சுற்றுக்கூட அதிகமாகச் சுற்றவில்லை. காத்திருப்பு குறையவில்லை, ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறியது. கிணற்று நீருக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

அந்த மாணவனுக்கு உரிய விடையின் முதற்பகுதி இது. பணம் உன் தந்தையுடையது, ஐயமில்லை. ஆனால் அப்பணத்தால் நீ வாங்கியது பூங்காவுக்காரருடைய பொருள் அன்று. பின்னே நிற்பவருடைய பத்து நிமிடம். விற்றவர் ஒருவர், விலை பெற்றவரும் அவரே, பொருளைக் கொடுத்தவர் மட்டும் வேறொருவர். அவரை யாரும் கேட்கவுமில்லை, அவருக்கு ஒரு காசு கிடைக்கவுமில்லை.

ஆயினும் மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்டல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

"தொடர்வண்டியில் குளிரூட்டிய பெட்டிக்குக் கட்டணம் அதிகம், அதைக் குறை கூறுகின்றோமா?" என்று அவர்கள் கேட்பர். குறை கூறுவதில்லை. ஏனெனில் குளிரூட்டிய பெட்டியில் செல்பவரும் சாதாரணப் பெட்டியில் செல்பவரும் சேலம் சந்திப்பை ஒரே நொடியில் அடைகின்றனர். அவர் கூடுதலாகக் கொடுத்தது குளிர்ச்சிக்காக. என் நேரத்திற்காக அன்று. "எல்லார்க்கும் முன்கூட்டியே அறிவித்துத்தானே விற்கின்றோம்? விருப்பமில்லாதவர் வர வேண்டா" என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பூங்காவுக்குச் செல்வது உயிர்த்தேவை அன்று. "விரைவுச் சீட்டின் வருவாயால்தான் பொதுச் சீட்டின் விலையைக் குறைவாக வைக்க முடிகின்றது" என்பர். உண்மையிலேயே அவ்வாறு குறைத்தால் அது மதிக்கத்தக்க வாதமே. காத்து நிற்பவர்க்கு ஒரு பங்கு திரும்பக் கிடைக்கின்றது அன்றோ? ஆனால் குறைத்தார்களா என்பதைக் காத்து நிற்பவர் அறிய வழியில்லை. மேலும் ஓர் இடர் உண்டு. வரிசை நீண்டால்தான் விரைவுச் சீட்டு விலைபோகும். நீளும் வரிசையால் வருவாய் காண்பவர்க்கு அவ்வரிசையைக் குறைக்க ஊக்கம் எங்கிருந்து பிறக்கும்?

பூங்காக்களின் வரலாறும் நமக்கு ஒன்று கற்பிக்கின்றது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலேண்டு 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பட்டது. தொடக்க காலத்தில் அங்கே ஏறும் ஊர்திகளின் சிறப்புக்கு ஏற்ப எழுத்திட்ட சீட்டுகள் விற்கப்பட்டன. சிறந்தவற்றுக்குரிய 'ஈ' சீட்டு 1959-ஆம் ஆண்டில் வந்தது. சீட்டு உயர்ந்ததாயினும் அதை வைத்திருந்தவர் எல்லாரும் ஒரே வரிசையிலேயே நின்றனர். 1982-ஆம் ஆண்டில் அச்சீட்டுகள் ஒழிந்து, ஒரே நுழைவுக் கட்டணம் வந்தது. 1999-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 'பாஸ்ட்பாஸ்' என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. "இத்தனை மணிக்கு வருக" என்று நேரம் குறித்த ஒரு தாளைப் பொறி வழங்கும். அதுவரை நீங்கள் வேறிடங்களைச் சுற்றிப் பார்க்கலாம். நம் ஊர் மருத்துவரிடம் டோக்கன் பெற்றுக்கொண்டு கடைவீதிக்குப் போய்வருவது போன்றது அது. அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. உள்ளே வந்த அனைவர்க்கும் பொது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது நடந்தது. 2021-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டு, அதே வசதி பணத்திற்கு விற்கப்படலாயிற்று. நேற்றுவரை எல்லார்க்கும் உரியதாக இருந்த ஒன்று, ஒரு நாளில் விலைப்பொருளாகிவிடக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனி இரண்டாம் விடையாகிய தேவையை நோக்குவோம். வந்த முறையே எங்கும் நீதியாகிவிடாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளர் நூற்றுக்கணக்கில் காத்திருக்கும்போதும், விபத்தில் அடிபட்டு வருபவரை வரிசையின் கடைசியில் நிறுத்துவதில்லை. 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 ஊர்திக்கு நாம் எல்லாரும் வழி விடுகின்றோம். கைக்குழந்தையுடன் நிற்கும் தாயையும், ஊன்றுகோலுடன் நிற்கும் முதியவரையும் முன்னே விடுவது நம் மரபு. இவற்றிலும் பின்னே நிற்பவர் நேரத்தை இழக்கின்றார். ஆனால் மனமுவந்து இழக்கின்றார். நாளை தமக்கும் அந்நிலை வரலாம் என்பதை அவர் அறிவார்.

மூன்றாம் விடையாகிய பணம், இரண்டாம் விடையாகிய தேவையின் உடையை அணிந்து வரும்போதுதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். தொடர்வண்டியில் 1997-ஆம் ஆண்டில் 'தத்கால்' என்னும் ஏற்பாடு வந்தது. திடீரென்று பயணம் செய்ய நேர்வோர்க்காகச் சில இடங்களை ஒதுக்கிவைத்து, இரண்டாம் வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடும் ஏனைய வகுப்புகளில் 30 விழுக்காடும், கீழ்வரம்பு மேல்வரம்புக்கு உட்பட்டுக் கூடுதலாகப் பெறுகின்றனர். நோக்கம் நன்று. கட்டணத்திற்கு வரம்பு இருந்ததும் நன்று. ஆனால் 2014-ஆம் ஆண்டில் வந்த 'பிரீமியம் தத்கால்' முறையில், கேட்போர் பெருகப் பெருகக் கட்டணமும் ஏறிக்கொண்டே செல்லும். தந்தை மறைந்த செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து சேலத்திற்கு விரையும் தொழிலாளியும், விடுமுறைக்கு ஏற்காடு செல்லும் செல்வரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால், அங்கே வெல்வது தேவையன்று; பணப்பை.

கோயில்களிலும் இவ்வழக்கம் உண்டு. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டுக்காரர் செல்லும் வழி வேறு. கட்டணமின்றி வழிபடுவோர் செல்லும் வழி வேறு. தமிழ்நாட்டுப் பெருங்கோயில்கள் பலவற்றிலும் கட்டண வரிசை, பொது வரிசை என இரண்டு உண்டு. வருவாய் கோயிற் பணிக்குப் பயன்படுகின்றது என்பது உண்மையே. ஆயினும் ஆண்டவன் முன்னே அனைவரும் ஒன்று என்று கற்பிக்கும் இடத்திலேயே இரண்டு வரிசைகளைக் காணும் குழந்தை எதைக் கற்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அப்படியானால் நெரிசலுக்கு மருந்தே இல்லையா? உண்டு. காத்திருப்பைக் கைமாற்றுவது வேறு, குறைப்பது வேறு. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லார் இதனை நன்கு அறிவர். ஓமலூர்ச் சுங்கச் சாவடி போன்ற இடங்களில் சில்லறைக்காக ஊர்திகள் நீண்டு நின்ற காலம் ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 'பாஸ்டேக்' வில்லை கட்டாயமாக்கப்பட்டது. சாவடியைக் கடக்கும் நேரம் எல்லார்க்கும் குறைந்தது. ஏழையின் சரக்கு வண்டியும் செல்வரின் காரும் அதே தடத்தில் செல்கின்றன. இலண்டன் மாநகரில் 2003-ஆம் ஆண்டு முதல் நகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டி வருவோரிடம் நெரிசல் கட்டணம் பெறுகின்றனர். அங்கே பணம் கொடுப்பவர்க்குச் சாலை கிடைப்பது உண்மைதான். ஆனால் அவ்வருவாய் போக்குவரத்து வசதிகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே பேருந்தில் செல்லும் எளியவரும் பயன் பெறுகின்றார்.

மாணவச் செல்வங்களே! இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் மூன்று உரைகற்கள் கிடைக்கின்றன. முன்னே செல்லும் உரிமை விற்கப்படும் இடத்தில் எல்லாம் இம்மூன்றையும் உரைத்துப் பாருங்கள். முதலாவது: விற்கப்படுவது புதிதாக ஆக்கப்பட்ட வசதியா, பிறருடைய நேரமா? இரண்டாவது: பெறப்படும் பணம் பொது வரிசையைக் குறைக்கப் பயன்படுகின்றதா, அன்றி அதனை நீளவிடுகின்றதா? மூன்றாவது: காத்து நிற்பது விளையாட்டுக்காகவா, வாழ்க்கைத் தேவைக்காகவா?

பொழுதுபோக்குப் பூங்கா மூன்றாம் உரைகல்லில் தப்பிவிடுகின்றது. இராட்டினம் ஏறாததால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே அங்கே விரைவுச் சீட்டைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். அதற்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு ஒரு வரம்பு வைத்து, அவ்வரம்பைப் பொது வரிசையின் வாயிலில் எல்லார்க்கும் தெரிய எழுதிவைத்தாலே பாதி நீதி கிடைத்துவிடும். ஆனால் விளையாட்டில் பழகிய கால் வாழ்க்கையிலும் அவ்வழியே நடக்கும். பூங்காவில் முன்னே செல்வதை இயல்பு என்று கொண்ட பிள்ளை, நாளை நியாய விலைக் கடையிலும், மருத்துவமனையிலும், அரசு அலுவலகத்திலும் பின்னே நிற்பதை இழிவு என்று கருதத் தொடங்குவான். அலுவலகத்தில் கொடுக்கும் அப்பணத்திற்குச் சீட்டு இராது. பெயர் மட்டும் உண்டு. அப்பெயரை நான் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள்.

அன்றியும், ஒரு வகுப்பு சேர்ந்து நிற்கும் வரிசையில் வேறொரு பயனும் உண்டு. வரிசையில்தான் பேச நேரம் கிடைக்கின்றது. மருத்துவர் மகனும் மண்பாண்டத் தொழிலாளி மகளும் ஒரே வெயிலில், ஒரே கயிற்றுக்கு இப்பால், ஒருவர் தண்ணீர்க் குப்பியை ஒருவர் வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்கும் இடங்கள் நாட்டில் குறைந்து வருகின்றன. வாக்குச் சாவடி அத்தகைய ஓர் இடம். அங்கே இன்றும் கூடுதல் கட்டணத்திற்கு முன்னே செல்ல வழியில்லை. அவ்வரிசையில் நிற்கும் வயது உங்களுக்கு விரைவில் வரும். மற்ற வரிசைகளில் நின்று பழகியவர்க்கே அவ்வரிசையின் பெருமை விளங்கும்.

ஆகவே, அடுத்த முறை நீண்ட வரிசை ஒன்றின் பின்னே நிற்க நேரும்போது, முன்னே நிற்பவர்களை எண்ணிக் கணக்குப் போடுங்கள். உங்களுக்குப் பின்னே யார் நிற்கின்றார் என்றும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அவருடைய நேரமும் நேரமே.